தரையில் படாத டயர்

ஜூன் 6, செவ்வாய்

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பந்தல்காரன் நாற்காலிகளை எண்ணாமல் வண்டியில் ஏற்றினான். நான்தான் இறக்கி எண்ண வைத்தேன். இரண்டு குறைந்தது. பக்கத்து வீட்டில் இருந்தது.

டைரியில் பதினைந்து பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. நூற்பாலையில் முப்பத்து நான்கு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். ஒரு நாள் எழுதாமல் விட்டதில்லை. விட்டதை இன்று சேர்த்து எழுதுகிறேன்.

மே 22, திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு என் மகள் தமயந்தி, அவள் புருஷன் அய்யாத்துரை, பேத்தி மகிழினி மூன்று பேரும் என் காரில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்குப் புறப்பட்டார்கள். லீவு முடிவதற்குள் கடல் பார்க்க வேண்டும் என்று பிள்ளை கேட்டிருந்தாள். எட்டயபுரம் தாண்டி நாலு வழிச் சாலையில் வண்டி கவிழ்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தமயந்தி போய்விட்டாள். அய்யாத்துரைக்குக் காறை எலும்பு முறிந்தது. பிள்ளைக்கு நெற்றியில் ஒரு கீறல். நாலரை வயது, வாய் ஓயாமல் பேசுகிறவள். அன்றிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அதிர்ச்சி, தானாகச் சரியாகும் என்கிறார் டாக்டர்.

பின் இடது டயர் வெடித்தது என்கிறான் அய்யாத்துரை. கல்லூரி பஸ் ஓட்டுகிறவன் வேறென்ன சொல்வான்? சாலை நேர் சாலை. வெயில் ஏறவில்லை. எதிரில் வண்டியில்லை. தூங்கியிருப்பான், இல்லையென்றால் பறந்திருப்பான். இதைத்தான் புகாராக எழுதிக் கொடுக்கப் போகிறேன். கேஸ் அவன் மேல் நின்றால் லைசென்ஸ் போகும், ஜெயிலுக்கும் போவான், பிள்ளை எங்களிடம் இருப்பாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவனைத் தமயந்தி தானாகத் தேடிக்கொண்டாள். நான் தேடிக் கொடுத்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பாள்.

ஜூன் 7, புதன்

குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம்மும் நிறைந்தன. மகிழுக்கு இட்லி ஊட்டினேன், ஒன்றரை சாப்பிட்டாள். பேசவில்லை.

ஜூன் 9, வெள்ளி

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வந்தேன். அங்கே ரைட்டர் நிதானமான ஆள். என் புகாரை இரண்டு தரம் படித்தார். வெடித்த டயர் எவ்வளவு நாள் ஓடியது என்று கேட்டார்.

ஒரு நாள்கூட ஓடாத டயர் சார் என்றேன். ஸ்டெப்னி. 2012இல் வண்டி வாங்கியதிலிருந்து டிக்கியை விட்டுத் தரையில் இறங்கியதே இல்லை. அச்சிலிருந்து வரும்போது ரப்பரில் சின்னச் சின்ன முடி நிற்குமே, அதுகூட உதிரவில்லை. நான் பொருளை வைத்துக்கொள்ளும் விதம் அப்படி. அந்தக் காரின் சீட்டில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறையையே நான் எடுத்ததில்லை. தமயந்தி கேலி செய்வாள், வேர்க்கிறது என்பாள்.

புறப்பட்ட அன்று காலையில் பின் இடது டயரில் ஆணி ஏறிக் காற்று இறங்கியிருந்ததையும், ஸ்டெப்னி மாற்றப்பட்டதையும் சொன்னேன். யார் மாற்றியது என்று அவர் கேட்கவில்லை. நானும் அதற்குள் போகவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்த்தபிறகுதான் எதுவும் முடிவாகும் என்றார். இருபதாம் தேதி வருகிறாராம். டயரைப் பற்றி ஏதாவது கேட்டால் நான் திணறக் கூடாது. படித்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 12, திங்கள்

பைபாஸில் வைரமணியின் டயர் கடைக்குப் போனேன். துக்கம் கேட்டுவிட்டு ஸ்டூல் போட்டான். டயரைப் பற்றி எல்லாம் சொல்லு, எழுதிக்கொள்கிறேன் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு ஒரு டயரை உருட்டிவந்து என் முழங்காலில் சாய்த்தான்.

இத்தனை வருஷம் கார் வைத்திருந்தும் அதன் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்ததில்லை. என் வண்டி டயரும் அதே அளவுதான்: 165/80 R14 85T. நூற்று அறுபத்தைந்து என்பது அகலம், மில்லிமீட்டரில். எண்பது என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு. R என்றால் ரேடியல், அதாவது உள்ளே நூல் குறுக்காக ஓடுகிறது. பதினான்கு ரிம்மின் இஞ்சு. எண்பத்தைந்து பாரக் கணக்கு, ஒரு டயர் ஐந்நூற்றுப் பதினைந்து கிலோ தாங்கும். T என்பது வேகம், நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் வரை.

ரப்பருக்குள் பாலியஸ்டர் நூல் அடுக்கு, அதற்கு மேல் இரும்புக் கம்பிப் பட்டை, அதற்கு மேல்தான் நாம் பட்டன் என்று சொல்லும் தேயும் பாகம். பட்டனின் பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன ரப்பர் மேடு வைத்திருக்கிறார்கள். தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் டயர் முடிந்தது. நூலைப் பற்றி எனக்கே ஒருவன் சொல்லித் தருகிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் நன்றாகச் சொன்னான்.

என் டயரில் பட்டன் முழுசாக இருந்தது, முடியே போகவில்லை என்றேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"பட்டன் இருக்கும் சார். வயசு என்ன அதுக்கு?"

புதுசுப்பா, ஓடவே இல்லை என்றேன். டயரின் ஓரத்தில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்குமாம். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், பின் இரண்டு எந்த வருஷம் என்று அர்த்தமாம். ஐந்தாறு வருஷம் தாண்டினால் ஓடியிருந்தாலும் ஓடாவிட்டாலும் அதை வண்டியில் மாட்டவே மாட்டேன் என்றான். இது நம் விஷயத்துக்குத் தேவையில்லை. ஆனாலும் குறித்து வைத்தேன்.

ஜூன் 13, செவ்வாய்

காஸ் சிலிண்டர் வந்தது. பாக்கியத்தாய் என்னிடம் பேசி எத்தனை நாள் ஆகிறது என்று இன்றுதான் கவனித்தேன். சோறு போடுகிறாள், தட்டை எடுக்கிறாள். பெண்டாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே நேரத்தில் வாய் அடைத்துப் போனால் மனுஷன் எங்கே போவது?

ஜூன் 15, வியாழன்

அய்யாத்துரை பிள்ளையைப் பார்க்க வந்தான். கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். தாடி வளர்ந்து ஆளே அடையாளம் தெரியவில்லை. நான் கேட்டைத் திறக்கவில்லை. பாக்கியம்தான் வந்து திறந்தாள், என்னைத் தாண்டி.

மகிழ் ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவனிடமும் பேசவில்லை. அவன் ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றான். நான் வாசல் திண்டில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். எந்தச் செய்தியும் மண்டையில் ஏறவில்லை.

போகும்போது என் பக்கத்தில் வந்தான். அடித்துவிடுவானோ என்று ஒரு நொடி தோன்றியது. அடித்திருந்தால் தேவலை.

"மாமா, நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

எதைச் சொல்லவில்லையாம்? சொல்ல என்ன இருக்கிறது? அவன் மேல் நான் புகார் கொடுத்ததற்குப் பதிலாக என் மேல் புகார் கொடுக்கப் போகிறானா? துணிச்சலைப் பார்.

ஜூன் 18, ஞாயிறு

காலையில் எழுந்து வந்தால் வாசலில் ஒரு டயர். ஷெட்டில் கிடந்த பழைய பின் இடது டயர், ஆணி ஏறியது. பாக்கியம் உருட்டிக்கொண்டு வந்து போட்டிருக்கிறாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"இதை ஒட்டிட்டு வாங்க," என்றாள்.

இருபத்தேழு நாளைக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. காரே இல்லாத வீட்டுக்கு எதற்கு டயர் என்று கேட்டிருக்கலாம். அறுபத்து நாலு வயதில் தெரு வழியே டயரை உருட்டிக்கொண்டு போனேன். எல்லாரும் பார்த்தார்கள்.

பஞ்சர் கடைக்காரன் ஆணியைப் பிடுங்கினான், துளையைக் குடைந்து ரப்பர் திரியைச் செருகினான், நுனியை வெட்டினான், காற்றடித்தான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. டயர் நல்லா இருக்கு சார், போன வருஷம்தானே போட்டீங்க என்றான். ஆமாம் என்றேன்.

பத்து நிமிஷம். ஆனால் அன்றைக்குத் திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். பஞ்சர் கடைக்காரன் எட்டுக்கு மேல்தான் திறப்பான். ஏழரைக்குள் வண்டி வாசலைத் தாண்ட வேண்டும் என்று சொன்னவன் நான். அதில் என்ன தப்பு? நல்ல நேரம் பார்க்காமல் நான் எதையும் செய்ததில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். ஸ்டெப்னியை டிக்கியிலிருந்து எடுத்தது நான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதை வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துத் திரும்ப உள்ளே வைப்பேன். வைத்த பொட்டை அழிக்க மாட்டேன், அதன் மேலேயே அடுத்த வருஷப் பொட்டு. அன்று ஜாக்கி போட்டது அய்யாத்துரை. டயரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். குனிந்து பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினான். மகிழும் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

"மாமா, இது வண்டியோட வந்த டயர்தானே? வேணாம் மாமா. எட்டு மணி வரைக்கும் பொறுத்துப் பஞ்சர் ஒட்டிட்டுப் போறோம்," என்றான்.

சந்தனத்தைச் சுரண்டி அடியில் எதையோ படிக்கப் பார்த்தான். நான் கையைத் தட்டிவிட்டேன். பொட்டை அழிக்காதே என்றேன். எனக்குப் பாடம் எடுக்கிறாயா என்றேன். சொல்லத் தகாத ஒன்றும் சொன்னேன், டிரைவர் புத்தி என்று. பிறகு நானே டயரைத் தூக்கி வைத்து, நானே நட்டை முடுக்கினேன். ஆணி ஏறியதை நான் ஒட்டி வைக்கிறேன் என்று ஷெட்டில் போட்டேன். மகிழ் என் வேட்டியைப் பிடித்து இழுத்து ஏதோ சொல்ல வந்தாள். புறப்படுகிற நேரத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, ஊர் போய்ச் சேரும்வரை ஒரு பேச்சு வரக் கூடாது என்று எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னேன். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். நாலும் நன்றாக நசுங்கின.

மில்லில், நூற்கும் மெஷின் உருளைகளுக்கு மேல் ரப்பர் உறை மாட்டுவார்கள், காட்ஸ் என்போம். பெட்டி பிரிக்காமலே இருந்தாலும் தேதி தாண்டிய காட்ஸை நான் வெளியே தள்ளிவிடுவேன். மேஸ்திரி சண்டைக்கு வருவார், புதுசாத்தானேய்யா இருக்கு என்பார். சும்மா கிடந்தாலும் ரப்பர் சாகும்யா என்பேன். என்னை மாதிரி பேசிக்காட்ட வேண்டும் என்றால் ஸ்டோரில் எல்லாரும் அந்த வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்.

இதை இங்கே எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 20, செவ்வாய்

ஸ்டேஷன் பின்புறம் வண்டி நிற்கிறது. கூரை அமுங்கி, கண்ணாடி இல்லாமல். சீட்டில் அந்தப் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது, கறையோடு. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். தமயந்தி வயதுதான் இருக்கும். முன் டயர்களில் பட்டன் ஆழத்தை ஒரு சின்னக் கருவியால் அளந்தார். பின் இடது டயரிடம் வந்ததும் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். பட்டன் பட்டை முழுசாக உரிந்து தனியே தொங்கியது. உள்ளே கம்பி தெரிந்தது. தொங்கிய பட்டையில் ரப்பர் முடி அங்கங்கே இன்னும் நின்றது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பக்கச் சுவரில் ஓரிடத்தில் மஞ்சளாகக் காய்ந்து அடை கட்டியிருந்தது. என்ன சார் இது, மண்ணா என்றார். சந்தனம் என்றேன். ஒரு சாவியை எடுத்துச் சுரண்டினார். அடுக்கடுக்காக உதிர்ந்தது. பதினொரு ஆயுத பூஜை. கடைசி அடுக்கும் போனபிறகு ஈரத் துணியால் துடைத்தார். நீள்வட்டத்துக்குள் நாலு எண். 3811.

வைரமணி சொன்னது ஞாபகம் வந்தது. முப்பத்தெட்டாவது வாரம், இரண்டாயிரத்துப் பதினொன்று.

"பட்டன் புதுசா இருக்கு, அதான் ஏமாத்திருச்சு," என்றார் அந்த அம்மா. "ரப்பர் செத்துப் போயி ரொம்ப நாளாச்சு. சுவர் பூரா வெடிப்பு, பாருங்க. கண்ணாலயே தெரியும்."

வேகத்துக்கு அடையாளம் ஒன்றும் இல்லை, அறுபது எழுபதில்தான் போயிருக்க வேண்டும் என்றும் சொன்னார். ரைட்டர் அய்யாத்துரையின் வாக்குமூலத்தை எடுத்து வாசித்தார். ஸ்டெப்னியை நானே எடுத்தேன், நானே மாட்டினேன், வேறு யாருக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருக்கிறான். கையெழுத்தும் போட்டிருக்கிறான்.

அப்படியானால் இது கவனக்குறைவுதான், டயர் பார்க்கத் தெரிந்த தொழில் டிரைவர், தெரிந்தே மாட்டியிருக்கிறார் என்றார் ரைட்டர். கேஸ் நிற்கும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, டயர் மாட்டும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்.

வீட்டுக்குள் இருந்தேன் என்றேன். சூடத் தட்டு எடுக்க ஒரு நிமிஷம் உள்ளே போனது உண்மைதான்.

ஜூன் 21, புதன்

தண்ணீர் வந்தது. பிடித்தேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. பிள்ளை எங்களிடம் இருப்பாள்.

பாக்கியம் போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

ஜூன் 23, வெள்ளி

மகிழ் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய பிளாஸ்டிக் கார், அதற்குள் ஒரு பொம்மை. பூஜைக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்துவந்து நாலு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொன்றாக வைத்தாள். வைத்துவிட்டுப் பொம்மையின் வாயில் விரலை வைத்து அழுத்தினாள். பிறகு தன் உதட்டிலும் விரலை வைத்துக்கொண்டாள். காரைத் தள்ளினாள். பழத்தில் ஏறாமல் கார் சாய்ந்தது. பொம்மை கீழே விழுந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.

பாக்கியம் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அதிர்ச்சி என்றார். இல்லை. ஊர் போய்ச் சேரும்வரை பேசக் கூடாது என்று நான் சொன்னேன். அவள் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை. நான் பாவி.

ஜூன் 24, சனி

முதல் பஸ்ஸில் அய்யாத்துரை வீட்டுக்குப் போனேன். என்னோடு ஸ்டேஷனுக்கு வா என்றேன். வேண்டாம் மாமா, விடுங்கள் என்றான். ஏன்டா பழியை ஏற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"அவ சொன்னது மாமா. அப்பாவ எதுத்துப் பேச வேணாம், மனசு ஒடிஞ்சிருவாக. தூத்துக்குடியில கடை திறந்திருப்பான், புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிட்டு இதைத் திரும்ப டிக்கியில வச்சிருவோம், அப்பாக்குத் தெரியவே வேணாம்னா. அதான் மெதுவாவே ஓட்டிட்டுப் போனேன். எட்டயபுரம் தாண்டி வண்டி லேசா ஆடுச்சு. ஓரம் கட்டுறதுக்குள்ள..."

பெற்றவனுக்கும் கட்டியவனுக்கும் ஒரே அழுகை. அவன் தோளில் கை வைத்தேன், முறிந்த பக்கம் என்று மறந்துவிட்டேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான், விலகவில்லை.

ஸ்டேஷனில் ரைட்டருக்குக் கோபம். அன்று வீட்டுக்குள் இருந்தேன் என்று சொன்னீர்களே என்றார். பொய் என்றேன். அப்படியானால் உங்களையும் சேர்க்க வேண்டியிருக்கும், இந்த வயதில் கோர்ட்டுக்கு நடக்க முடியுமா என்றார். நடப்பேன் என்றேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். பேப்பர் கேட்டு வாங்கி நானே எழுதினேன். ஸ்டெப்னியை எடுத்தது நான். மாட்டியது நான். வேண்டாம் என்று மருமகன் சொன்னான். அவன் கையைத் தட்டிவிட்டது நான். கிடந்தாலும் ரப்பர் சாகும் என்பது மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். கையெழுத்து, தேதி.

ஜூன் 26, திங்கள்

அய்யாத்துரை மகிழை அழைத்துப் போக வந்தான். அவளுடைய துணி இரண்டு பை. பொம்மை காரை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் ஏழே முக்காலுக்கு. பாக்கியம் நாள்காட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போகட்டும் என்றேன். அவளும் சரி என்றாள்.

பஸ் வந்து நின்றதும் அய்யாத்துரை பழக்கத்தில் குனிந்து பின் டயரைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

மகிழைத் தூக்கிப் படியில் விட்டேன். அவள் இறங்கிவந்து மறுபடியும் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள், அன்றைக்கு மாதிரியே. நான் கீழே உட்கார்ந்தேன். அவள் உதட்டில் வைத்திருந்த மற்றக் கையின் விரலை நானே என் கையால் எடுத்துவிட்டேன்.

"இனிமே பேசலாம் தாயி. தாத்தா சொன்னது தப்பு. என்ன சொல்லணுமோ சொல்லு."

என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள். முப்பத்தைந்து நாள் பேசாத குரல், கரகரவென்று இருந்தது.

"அந்த டயர்ல கோடு கோடா இருந்துச்சு தாத்தா. நான் பாத்தேன்."